நாங்கள் என்றால், அதில் நீங்கள் எது?

என்னுடைய முதலாவது சீ.வி.யின் முதலாவது வரி இது: "மேலதிகாரிகளின் பணிப்பின் பேரில் தொடர்பாடல் மற்றும் கணினி உபகரணங்களின் பராமரிப்புக்குப் பொறுப்பாக இருந்தேன்." 22 வருட உழைப்பு அந்த ஒரு வரிக்குள் அடங்கிப்போயிற்று. எழுதி முடித்தபோது அதில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை. பொய்யில்லாத வரி, மரியாதையான வரி என்றுதான் நினைத்தேன். 14 இடங்களுக்கு அனுப்பினேன். ஒரே ஒரு இடத்திலிருந்துதான் பதில் வந்தது.

2001இல், 20 வயதில் கடற்படையில் சேர்ந்தேன். சொந்த ஊர் கிண்ணியா. அப்போது பாலம் இல்லை. திருகோணமலை டவுனுக்கு வர வேண்டுமென்றால் பாதையில், அதாவது ஆளையும் வாகனத்தையும் ஏற்றும் மிதவையில், ஏறித்தான் கடக்க வேண்டும். நான் பெட்டியோடு பாதையில் ஏறிய காலை வாப்பா கரையிலேயே நின்றார், உம்மா வீட்டை விட்டு வெளியே வரவில்லை. எங்கள் குடும்பத்தில் அதற்கு முன் ஒருவரும் அந்த வேலைக்குப் போனதில்லை. பூஸாவில் பயிற்சி. சிங்களம் ஒழுங்காகப் பேசப் பழகியதே அங்கேதான். முதலில் வானொலிக் கருவிகள், காதில் ஹெட்ஃபோன், கையில் பென்சில். பிறகு கணினிகள் வந்தன, என்னை ஒரு கோர்ஸுக்கு அனுப்பினார்கள், அதற்குப் பிறகு கேபிள், சுவிட்ச், சர்வர் என்றே காலம் போனது. 2009இல் 396 மீட்டர் நீளத்தில் கிண்ணியாப் பாலம் திறந்தபோது நான் விடுமுறையில் அதன் மேல் நடந்தே வீட்டுக்குப் போனேன். அதற்குள் கலியாணமும் முடிந்து, எங்கள் பக்க வழக்கப்படி பெண் வீட்டுக்கு, திருகோணமலை ஜமாலியாவுக்கு, குடிவந்துவிட்டேன். 2023இல் ஓய்வு.

இவ்வளவும் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இராணுவத்தின் ஆளணியை 2024இல் 135,000 ஆகவும் 2030இல் 100,000 ஆகவும் குறைப்பதாக 2023 ஜனவரியில் அரசு அறிவித்தது. அப்படியென்றால் சீருடையைக் கழற்றிவிட்டு வெளியே வருகிறவர்கள் இனிமேல்தான் கூட. அவர்களில் சிக்னலில், ஐ.டி.யில் வேலை செய்தவர்கள் என்னைப்போல அந்த ஒரு வரியை எழுதிவிட்டு வீட்டில் காத்திருக்கக் கூடாது. தமிழில் இதைப்பற்றி யாரும் எழுதி நான் காணவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பதில் வந்த அந்த ஒரே இடம் கொழும்பில் ஒரு நிறுவனம். ஸூமில் நேர்முகப் பரீட்சை. கேள்வி கேட்டவர் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். மரியாதையாகத்தான் பேசினார். ஆங்கிலத்தில் தொடங்கி, நான் தடுமாறுவதைக் கண்டு சிங்களத்துக்கு மாறினார். "கஷ்டமான ஒரு பிரச்சினையை எப்படிக் கண்டுபிடித்துச் சரிசெய்தீர்கள் என்று சொல்லுங்கள்" என்றார். நான் சொன்னேன்: நாங்கள் லைனைச் சோதித்தோம், நாங்கள் சுவிட்சை மாற்றினோம், நாங்கள் அறிக்கை கொடுத்தோம். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "நாங்கள் என்றால், அதில் நீங்கள் எது?"

எனக்குப் பதில் வரவில்லை. கேமராவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த வேலை கிடைக்கவில்லை.

பல நாள் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. படையில் நல்ல வேலை எல்லாம் பிரிவுடையது. பாராட்டு வந்தால் வரிசைக்கு வரும். "நான்" என்று தொடங்கி ஒருவன் தன் வேலையைச் சொன்னால் கூட நிற்பவனே முகம் சுளிப்பான். நான் என்ற சொல் தேவைப்படுவது ஒரே ஒரு இடத்தில்: பிழை நடந்து விசாரிக்கும்போது. "யார் செய்தது?" "நான்தான் சேர்." 22 வருடம் அந்தச் சொல்லைக் குற்றத்துக்கு மட்டும் வைத்திருந்தவனிடம் அதைத் தகுதிக்குப் பாவிக்கச் சொன்னால் நாக்கு எழும்பாது. இது அடக்கம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வேலை கொடுக்க வருகிறவருக்கு அது ஒன்றுமே தெரியாதவனைப் போலத்தான் தெரிகிறது.

வழி காட்டியது என் மருமகள், மூத்த சகோதரியான ராத்தாவின் மகள். திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கிறாள். ஒரு நாள் மாலை மஃரிப் தொழுகைக்குப் பிறகு விறாந்தையில் பிளேன்டீயோடு இருந்தபோது என் சீ.வி.யை வாசித்துவிட்டு லப்டொப்பை மூடி வைத்தாள்.

"மாமா, இத விடுங்க. உங்கள நித்திரை கொள்ள விடாத ஒரு ஃபோல்ட்டச் சொல்லுங்க."

யோசிக்கத் தேவையிருக்கவில்லை. திருகோணமலையில் ஜூன், ஜூலை மாதங்களில் கச்சான் காற்று எப்படி அடிக்கும் என்று இங்குள்ளவர்களுக்குத் தெரியும். பகல் முழுக்க அனல், மணல் பறக்கும், தகரம் தொட முடியாது. அப்படி ஒரு கச்சான் காலத்தில் ஒரு கட்டடத்தின் இணைப்பு பின்னேரம் 2 மணி தாண்டியதும் விழும், எழும்பும், மறுபடி விழும். 4 மணிக்குப் பிறகு தானாகவே சரியாகிவிடும். காலையில் போய்ப் பார்த்தால் ஒரு பிழையும் இல்லை. கேபிளை இரண்டு தரம் மாற்றியாயிற்று. கடற்கரை என்றபடியால் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது உப்பைத்தான். பிளக்கின் செப்புப் பற்கள் பச்சை பிடித்துவிடும், நாங்கள் அதைச் சுரண்டிச் சுரண்டியே பழகியவர்கள். ஆனால் இது உப்பில்லை. உப்பு நேரம் பார்த்து வராது.

கடையில் ஒரு சுவர் வெப்பமானி வாங்கினேன், சொந்தக் காசு. கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் சாதனமான சுவிட்ச் இருந்த இரும்புப் பெட்டிக்குள் அதைத் தொங்கவிட்டேன். அரை மணிக்கொரு தரம் போய் வெப்பநிலையைக் குறித்தேன். பக்கத்து நிரலில் இணைப்பு விழுந்த நேரங்கள். 9 நாள். அந்தப் பெட்டி மேற்குச் சுவரில், வெயில் நேரே படுகிற இடத்தில் இருந்தது. அந்தச் சாதனம் 45 பாகை வரைக்கும் இயங்கச் செய்யப்பட்டது. பெட்டிக்குள் 58 வரை போயிருந்தது. ஆறாம் நாள் வானம் மூடி ஒரு சிறு மழை. அன்றைக்கு மட்டும் ஒரு தடவைகூட விழவில்லை. அந்த நாளின் வெறும் நிரலைப் பார்த்தபோது எனக்கு உடம்பு புல்லரித்தது. கிழக்குச் சுவரின் உட்பக்கத்துக்குப் பெட்டியை மாற்றி, கீழும் மேலும் காற்றுப் போகத் துளை வெட்டினோம். அந்தக் கச்சான் முடியும் வரை ஒரு முறைப்பாடும் வரவில்லை.

"லொக் புத்தகத்துல என்ன எழுதினீங்க?" என்று கேட்டாள்.

"சுவிட்ச் இடம் மாற்றப்பட்டது."

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "யார் மாத்தினது என்டே அதுல இல்லையே மாமா" என்றாள்.

உண்மைதான். செயல் இருந்தது, செய்தவன் இல்லை. என் சீ.வி. முழுக்க அப்படித்தான் இருந்தது. பராமரிக்கப்பட்டது, பொருத்தப்பட்டது, வழங்கப்பட்டது. நான் அவளோடு வாதாடினேன். பெட்டியைக் கழற்றித் தூக்கியவர்கள் வேறு இரண்டு பேர், அவர்களை விட்டுவிட்டு நான் என்று எழுதுவது நியாயமா என்று கேட்டேன். "தூக்கினவங்களயும் எழுதுங்க. ஆனா அந்த வெப்பமானிய வச்சது யாரு?" அன்றிரவு அந்த வரி இப்படி மாறியது: "பிற்பகலில் மட்டும் துண்டிக்கப்பட்ட ஒரு வலையமைப்பை 9 நாள் வெப்பநிலைப் பதிவோடு ஒப்பிட்டுக் காரணத்தைக் கண்டுபிடித்தேன். இருவரின் உதவியோடு சாதனத்தை இடம் மாற்றினேன். புதிய உபகரணம் எதுவும் வாங்காமல் பிரச்சினை தீர்ந்தது."

படையிலிருந்து வருகிறவர்களுக்கு இங்கே ஒரு பயம் இருக்கும். எனக்கும் இருந்தது. எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது? 1955ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க உத்தியோக இரகசியங்கள் சட்டம் ஓய்வு பெற்றதோடு நம்மை விட்டுப் போவதில்லை. அது சரிதான் என்பதே என் எண்ணம், அந்த விசுவாசம் எனக்கு இன்றும் இருக்கிறது. ஆனால் மேலே நான் எழுதிய கதையை மறுபடி வாசித்துப் பாருங்கள். எந்த முகாம், எந்தக் கட்டடம், அந்த வலையில் என்ன ஓடியது, அந்த முகாமில் எத்தனை பேர், எந்த வருடம், ஒன்றும் அதில் இல்லை. வேலைக்கு எடுப்பவருக்கும் அது தேவையில்லை. நீங்கள் எப்படி யோசித்தீர்கள் என்பதுதான் அவருக்கு வேண்டும். யோசித்த விதம் இரகசியமில்லை. பெயர், இடம், எண்ணிக்கை, வரைபடம் ஆகிய நான்கையும் வாயால்கூடச் சொல்லாதீர்கள். நேர்முகத்தில் யாராவது துருவினால் "அதைச் சொல்ல முடியாது" என்று மட்டும் சொல்லுங்கள். அப்படிச் சொல்கிறவனிடம் தங்கள் வாடிக்கையாளரின் பாஸ்வேர்டைக் கொடுக்கலாம் என்று அவர்களுக்கும் விளங்கும்.

வேலை தேடிய அந்த மாதங்களில் உப்புவெளியிலும் நிலாவெளியிலும் விடுதிகளுக்கு வைஃபை போட்டுக் கொடுத்தேன். மே தொடக்கம் செப்டம்பர் வரை அங்கே சீஸன், வேலைக்குக் குறைவில்லை. ஒரு விடுதிக்காரர், தமிழ் ஐயா, அறுபது தாண்டியவர். நான் குழாய்க்குள் கேபிள் இழுக்கும் விதத்தைப் பார்த்துவிட்டு, "எங்கே தம்பி பழகினீங்கள்?" என்று கேட்டார். நேவியில் என்றேன். அவர் முகம் இறுகியது. உள்ளே எழும்பிப் போய்விட்டார். நான் வேலையைத் தொடர்ந்தேன். ஒரு மணித்தியாலம் கழித்துத் தேத்தண்ணீர் இரண்டு கொண்டு வந்து, எனக்கு முன்னால் ஒரு கதிரையைப் போட்டு இருந்தார். எந்த வருடங்களில் எங்கெங்கே நின்றேன் என்று கேட்டார். எந்தெந்த ஊர் என்ற அளவில் ஒளிக்காமல் சொன்னேன். அவர் வீட்டில் என்ன நடந்தது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்கிற உரிமை எனக்கிருப்பதாக நான் நினைக்கவில்லை. எனக்குச் சம்பளமும் பெருமையும் தந்த அந்த உடுப்பு இந்த ஊரின் பல வாசல்களில் வேறொன்றாக நின்றது. அதை மறந்துவிட்டு இங்கே தொழில் செய்ய முடியாது. அவருடைய விடுதியில் பழுதில்லாத வேலை செய்து கொடுத்தேன். அடுத்த சீஸனுக்கும் அவர்தான் முதலில் எடுத்தார்.

சான்றிதழ்களைப் பற்றியும் கேட்கிறார்கள். கையில் ஒரு கடுதாசியும் இல்லையென்றால், அனுபவத்தையே மதிப்பிட்டு என்.வி.கியூ. என்ற தேசிய தொழிற்தகைமைத் தரம் கொடுக்கிற முறை இலங்கையில் உண்டு. முன்கற்றலை அங்கீகரித்தல் என்று பெயர். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் கட்டமைப்பில் வருவது. சேவையில் இருக்கும்போதே விசாரித்து வையுங்கள். நான் எடுத்தது சிஸ்கோ நிறுவனத்தின் வலையமைப்புச் சான்றிதழான சி.சி.என்.ஏ. பரீட்சைக் கட்டணம் அப்போது 300 டொலர், நான் கட்டிய மாதம் தொண்ணூறாயிரம் ரூபாய்க்கு மேல் வந்தது. மனைவி காப்பு ஒன்றை அடகு வைத்தாள், அதை இங்கே எழுத வேண்டும் என்று அவளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். வீட்டிலிருந்தும் அந்தப் பரீட்சையை எழுதலாம். நடுவில் கரண்ட் போனால் என்ன செய்வது என்று நான் இரவு பஸ் ஏறி, கந்தளாய், ஹபரணை வழியாகக் கொழும்புக்கே போனேன். 120 நிமிடம். ரூட்டிங், விலான், சப்நெட் எல்லாம் கை அறிந்த வேலை. பத்து வீதம் வருகிற ஆட்டோமேஷன், அதாவது வலையமைப்பை நிரல் எழுதி இயக்கும் பகுதிதான் எனக்குப் புது உலகம். 42 வயதில், அதில் தரவை எழுதும் முறையான ஜேசன் கோப்பில் அடைப்புக்குறி எங்கே மூடுகிறது என்று விரல் வைத்து வாசித்தேன். மருமகள் பக்கத்தில் இருந்தாள். திரையிலேயே வலையமைப்பைக் கட்டிப் பார்க்கும் பாக்கெட் ட்ரேஸர் மென்பொருளை இலவசமாக இறக்கிக்கொண்டு ஒவ்வொரு இரவும் அதிகாலை ஸுபஹ் தொழுகை வரை வலை கட்டிப் பழகினேன்.

சான்றிதழை விட எனக்குக் கஷ்டமாக இருந்தது வேறொன்று. சர்வரைத் தொட முடியாது. படையில் எல்லாம் நம் கைக்குள் இருக்கும். சத்தம் மாறினால் ஃபேன் போகப் போகிறது என்று தெரியும், கை வைத்தால் சூடு தெரியும். வெளியே வந்தால் சர்வர் மும்பையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறது. எந்தக் கட்டடம் என்று அதை வாடகைக்கு எடுத்தவருக்கே தெரியாது. காதாலும் கையாலும் அறிந்ததை இனி எண்களால் அறிய வேண்டும். அந்த வெப்பமானியை நினைத்துக்கொள்வேன். அன்றைக்கும் பதில் சொன்னது எண்தான்.

2024 நடுவில் வேலை கிடைத்தது. வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் வலையமைப்பைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொள்ளும் ஒரு நிறுவனம், நான் வீட்டிலிருந்தே செய்யலாம். நேர்முகத்தில் கச்சான் கதையைச் சொன்னேன். இந்தத் தடவை "நான் வெப்பமானியைத் தொங்கவிட்டேன்" என்று சொன்னபோது குரல் கொஞ்சம் நடுங்கியது, ஆனால் சொன்னேன். எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டார்கள். படையில் சம்பளம் பதவிக்கு வரும், யாரும் நம்மிடம் கேட்பதில்லை. மருமகள் முதல் நாளே ஒரு தொகையை எழுதித் தந்திருந்தாள். அதை வாசித்தேன். ஒத்துக்கொண்டார்கள்.

சிட்னியில் காலை 8 மணி என்றால் நமக்கு அதிகாலை 3.30. அவர்கள் கடிகாரத்தை முன்னால் தள்ளும் மாதங்களில் 2.30. கடற்படையில் நள்ளிரவு 12 முதல் 4 வரை மிடில் வாட்ச். ஊர் உறங்க நாம் விழித்திருக்கும் நேரம் எனக்குப் பழகிய நேரம். இந்த ஒன்றில் நான் என் குழுவில் உள்ள எல்லா இளைஞர்களை விடவும் நல்லவன். மூன்றே முக்காலுக்கு என் பதிவுகள் பகல் 11 மணிப் பதிவைப்போலவே தெளிவாக இருக்கும்.

மூன்றாம் மாதம் ஒரு திங்கட்கிழமை பெரிய பிழை ஒன்று செய்தேன். ஒரே சுவிட்சுக்குள் தனித்தனியாகப் பிரித்து வைக்கும் வலைகள்தான் விலான்கள், அவை பலவற்றையும் சேர்த்துக் கொண்டுபோகும் இணைப்பு ட்ரங்க் லைன். ஒரு கிளை அலுவலகத்தின் ட்ரங்க் லைனில் 30 என்ற புது விலானைச் சேர்க்க வேண்டும். கட்டளையில் "ஆட்" என்ற சொல்லை விட்டுவிட்டு எண்டரைத் தட்டினேன். அந்த ஒரு சொல் இல்லையென்றால் சுவிட்ச் புது விலானைப் பட்டியலில் சேர்க்காது, பழைய பட்டியலை அழித்துவிட்டு 30ஐ மட்டும் வைத்துக்கொள்ளும். நான் உள்ளே நுழைந்த பாதையும் அந்தப் பழைய பட்டியலில்தான் இருந்தது. திரை அப்படியே உறைந்தது. அங்கே ஒரு கிளை முழுக்க, தொலைபேசி உட்பட, இருண்டுபோயிற்று.

குழுத் தலைவருக்கு அழைத்தேன். கதிரையிலிருந்து எழும்பி, விறைப்பாக நின்றபடிதான் பேசினேன் என்பது பிறகுதான் எனக்கே தெரிந்தது. "நான்தான் செய்தேன் சேர். ஆட் விடுபட்டது. கொன்ஃபிக் சேமிக்கப்படவில்லை, பவரை நிறுத்திப் போட்டால் பழையபடி வரும்." அவர் கிளையில் இருந்த ஒருவரைப் பிடித்து வயரைக் கழற்றி மாட்டச் சொன்னார். 11 நிமிடத்தில் எல்லாம் எழும்பியது. நான் தண்டனைக்குக் காத்து நின்றேன். அவர் கேட்டது: "என்ன நடந்தது என்று எழுதி அனுப்புங்கள் நானா. இனி நடக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்பதையும் சேர்த்து." அவர் சொன்னதில் ஒரு சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. இத்தனை வாலிபத்தில் இருக்கிற ஒரு சிங்களப் பிள்ளை, ஊரில் என்னை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று கேட்டு வைத்திருந்து, அண்ணன் என்ற அர்த்தத்தில் நானா என்கிறது.

மற்றக் குழுக்களில் ஒரு பிழையின் பிறகு யார் செய்தது என்று தேடவே நேரம் போகும், நீங்கள் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டதால் 11 நிமிடத்தில் முடிந்தது என்று அவர் பிறகு சொன்னார். குற்றத்துக்கு மட்டும் என்று படையில் பழகிய அதே "நான்" என்ற சொல்தான். இப்போது பெரிய மாற்றம் எதற்கும் முன்னால் "ரீலோட் இன் 10" என்று அடித்து வைக்கிறேன். நான் வெளியே பூட்டப்பட்டால் பத்து நிமிடத்தில் சுவிட்ச் தானாக மறுபடி எழும்பிப் பழைய நிலைக்கு வரும். வேலை சரியாக முடிந்தால் அதை இரத்துச் செய்துவிட்டுச் சேமிப்பேன். அந்த அறிக்கையில் நான் எழுதிய யோசனை அதுதான், இன்று குழு முழுவதும் அப்படிச் செய்கிறது.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு ஒரு தம்பி வீட்டுக்கு வந்தார். இன்னும் எட்டு மாதத்தில் ஓய்வு. ஃபைல் நிறையக் கோர்ஸ் சான்றிதழ்கள், எல்லாம் சிங்களத்தில், ஒழுங்காக லமினேட் செய்தவை. என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டேன். "நாங்க சர்வர் ரூம் பாத்தம் நானா" என்றார். ஃபைலை மூடி மேசையில் வைத்துவிட்டு, நித்திரை கொள்ள விடாத ஒரு ஃபோல்ட்டைச் சொல்லச் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு பேசத் தொடங்கினார், பின்னேரத் தொழுகையான அஸருக்குப் பாங்கு சொல்லும் வரை நிறுத்தவில்லை. நடுவில் இரண்டு தடவை "நான்" என்று சொன்னார். இரண்டு தடவையும் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார்.

சனிக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு நான் வீட்டில்தான் இருப்பேன். சேவையில் இருப்பவர்களும் வரலாம், முடித்தவர்களும் வரலாம், தமிழோ சிங்களமோ எதிலும் கதைக்கலாம். வரைபடம், பென் டிரைவ், முகாம் கடுதாசி எதுவும் கொண்டு வராதீர்கள். ஒரு வெறும் கொப்பி போதும்.